நாலு பேருக்கு ஒரு கேசட்

90 நிமிஷக் கேசட்டை நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு இருபத்திரண்டரை நிமிஷம் வரும். பாட்டுக்கு நாலரை நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்து பாட்டு. கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பத்தொன்பது வயதுக்காரன் ஒருவனிடம், "உன் உயிருக்குப் பிடித்த பாட்டில் ஐந்தை மட்டும் சொல், மிச்சத்தை விட்டுவிடு" என்றால் அவன் என்ன செய்வான்? அடுத்தவனுடைய ஐந்தில் கை வைப்பான். 1989ஆம் வருடக் கோடை முழுக்க மதுரையில் நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

கல்லூரியில் பரீட்சை முடிந்திருந்தது. கையில் காசில்லை. எங்களை நம்பி வீட்டில் யாரும் எந்த வேலையும் கொடுப்பதில்லை. நாலு பேரும் சில்லறை போட்டு ஒரு டி.டி.கே. காலிக் கேசட் வாங்கியிருந்தோம். டேப் ரிக்கார்டர் என் மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து, அடுத்த தடவை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எங்கள் வீட்டில் விட்டுப்போனது. அவர் எடுத்துக்கொள்ள வருவதற்குள் அதன் ஆயுளை முடித்துவிடுவது என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அது தானாகவே அமைந்தது.

இந்த நாலு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் மூத்தவன் சித்தப்பா. மூத்தவன் என்றால் மூன்று மாதம். அந்த வயதிலேயே முன்நெற்றி ஏறி, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒரு பெருமூச்சு சேர்ந்து, டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "சார், உள்ள போங்க" என்று மரியாதையாகச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டிருந்தான். அந்தப் பெயர் எவ்வளவு தூரம் ஒட்டிக்கொண்டது என்றால், அவனைத் தேடி வந்த அவனுடைய அப்பாவே எங்களிடம், "சித்தப்பா எங்கடா போனான்?" என்று கேட்டார். அவனுக்குப் பாட்டென்றால் பி.பி. ஸ்ரீனிவாஸ். அதிலும் சோகம் மட்டும். அவன் அதுவரை யாரையும் காதலித்தது கிடையாது. காதலில் தோற்பதற்குக் காதல் அவசியம் என்று அவன் நினைக்கவில்லை.

அடுத்தவன் டி.எம்.எஸ். அது பட்டப்பெயர். சௌராஷ்டிரா வீட்டுப் பையன். டி.எம். சௌந்தரராஜன் 1922இல் இதே மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர் என்கிற ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு, அவரைத் தனக்குப் பெரியப்பா முறை என்று சொல்லித் திரிவான். எப்படி முறை என்று கேட்டால் ஒரு வம்ச வரலாற்றை விரிப்பான். முனிச்சாலையில் ஆரம்பித்து, திருமலை நாயக்கர் காலத்தைத் தொட்டு, விஜயநகரம் வழியாக குஜராத்துக்குப் போய்ச் சேரும்போது நமக்கு வீட்டுக்குப் போகும் நேரம் ஆகிவிடும். டி.எம்.எஸ். பாட்டை யாராவது "கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டால், குடும்பத்தை அவமானப்படுத்திவிட்டதாக எடுத்துக்கொள்வான்.

மூன்றாமவன் மிருதங்கம். சிறுவயதிலிருந்து மிருதங்கம் கற்றுக்கொண்டவன். வாத்தியத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் கையை வைத்துவிட்டு வர முடியாதே. டீக்கடை மேசை, சைக்கிள் சீட், சித்தப்பாவின் முதுகு எல்லாவற்றிலும் பயிற்சி நடக்கும். சினிமாப் பாட்டு அவனுக்கு ஆகாது. சினிமா ஆகும். இடைவேளை மாதிரி பாட்டுக்கு எழுந்து வெளியே போய்விடுவான்.

நான் இளையராஜா கட்சி. அந்தக் கட்சியில் சேர அப்போது மதுரையில் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பண்ணைப்புரம் அன்றைக்கு மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அதாவது அவர் எங்கள் மாவட்டத்துக்காரர். டி.எம்.எஸ். தெருவைக் காட்டி உரிமை கொண்டாடினால் நான் மாவட்டத்தைக் காட்டுவேன். மிருதங்கம் ஒருபடி மேலே போய் எம்.எஸ். சுப்புலட்சுமியையும் மதுரை மணி ஐயரையும் எடுத்து வீசுவான். இரண்டு பேருமே இந்த ஊரில் பிறந்தவர்கள். காக்கிநாடாவில் பிறந்த பி.பி. ஸ்ரீனிவாஸை வைத்துக்கொண்டு சித்தப்பா மட்டும் இந்த ஊர்ச் சண்டையில் நிராயுதபாணியாக நிற்பான். பெருமூச்சு விடுவான்.

பாட்டுப் பட்டியல் போடுவதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தி முடித்திருக்கலாம். முதல் சிக்கல் மிருதங்கத்தால் வந்தது. அவன் தன் பங்கு முழுவதையும் ஒரே உருப்படிக்குக் கேட்டான். "இருபத்திரண்டரை நிமிஷம் ஆலாபனைக்கே பத்தாது. இருந்தாலும் உங்களுக்காக விட்டுக்கொடுக்கிறேன்" என்றான். மூன்று பேரும் எதிர்த்தோம். நான் சமரசமாக இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைச் சொன்னேன். 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்திருக்கிறார், உன் தியாகராஜரே உள்ளே இருக்கிறார் என்றேன். மிருதங்கம் யோசித்துவிட்டு, "பாக் யாரு, திருவையாறு பக்கமா?" என்றான். பேச்சுவார்த்தை அந்த இடத்தில் முறிந்தது.

கடைசியில் காப்பாற்றியவர் மதுரை சோமு. 1972இல் வந்த 'தெய்வம்' படத்தில் அவர் பாடிய மருதமலைப் பாட்டு இருக்கிறதே, அது குன்னக்குடி வைத்தியநாதன் இசை. பாடியவர் சங்கீத வித்வான், இசையமைத்தவர் வயலின் வித்வான், ஆனால் சினிமா. மிருதங்கம் அதைக் கச்சேரிக் கணக்கில் எழுதிக்கொண்டான். நாங்கள் சினிமாக் கணக்கில் எழுதிக்கொண்டோம். சர்வதேச ஒப்பந்தங்கள் பலவும் இப்படித்தான் கையெழுத்தாகின்றன என்று பின்னாளில் செய்தித்தாள் படிக்கும்போது தெரிந்தது.

அடுத்தது வரிசை. ஒருவனுடைய ஐந்து பாட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டால், மற்ற மூன்று பேரும் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஆகவே சுற்று முறை: என் பாட்டு ஒன்று, சித்தப்பா ஒன்று, டி.எம்.எஸ். ஒன்று, மிருதங்கம் ஒன்று, மறுபடி நான். பாட்டைத் தாண்டி ஓட்டினால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் ஃபார்வர்டு பட்டனைத் தொடுவது குற்றம். ஆக, அடுத்த மூன்று பேர் பாட்டையும் முழுசாகக் கேட்காமல் என்னுடைய இரண்டாவது பாட்டுக்குப் போய்ச் சேர வழியே கிடையாது. எங்கள் நட்பின் அரசியல் சட்டம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இவ்வளவுதான்.

பட்டியலை எடுத்துக்கொண்டு ரிக்கார்டிங் சென்டருக்குப் போனோம். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு அப்படி ஒரு கடை அப்போது இருந்தது. ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டும் நுழையக்கூடிய அகலம், சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள், உள்ளே கழுத்தில் ஹெட்போனோடு ஓர் அண்ணன். அவரிடம் காகிதத்தைக் கொடுப்பது டாக்டரிடம் சீட்டைக் கொடுப்பதைவிட வெட்கமான விஷயம். ஏனென்றால் டாக்டர் மனசுக்குள் படிப்பார். இவர் கடையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். படித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றி எங்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரே கேசட்லயா தம்பி?"

"ஆமாண்ணே."

"வீட்ல யாருக்கும் உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சோகப் பாட்டுக்கு அடுத்து டி.எம்.எஸ். வீரப் பாட்டைப் போட்டால் கேட்கிறவனுக்கு நெஞ்சடைக்கும் என்றார். பி.பி. ஸ்ரீனிவாஸின் ஒரு பாட்டை அடித்துவிட்டு அவரே வேறொன்றை எழுதினார். சித்தப்பா மறுத்ததற்கு, "நீங்க கேட்டது சுமாரான சோகம் சார், இது அசல் சோகம்" என்றார். சித்தப்பாவை மட்டும் சார் என்றார் என்பதைக் கவனிக்கவும். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை என்பது அந்தக் கடையில் ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். பல செவ்வாய்கள் போன பிறகு, அட்டையில் பச்சை மையால் முத்து முத்தாகப் பாட்டுப் பெயர்கள் எழுதிய கேசட் கைக்கு வந்தது.

ஏ சைடு முடியும் இடத்தில், அட்டையில் எழுதாத ஒன்று இருந்தது. மிருதங்கத்தின் பாட்டு முடிந்து, கொஞ்சம் இரைச்சல், பிறகு திடீரென்று ஒரு நாதஸ்வரம் எழுந்தது. இரண்டு நிமிஷமிருக்கும். ஏறி ஏறிப் போய், அடுத்த படியில் கால் வைக்கப்போகும் நேரத்தில், டக். டேப் முடிந்துவிட்டது. முதல் தடவை கேட்டபோது நாலு பேரும் ஒன்றும் பேசவில்லை. மிருதங்கம்தான் கண்டுபிடித்து, "காருகுறிச்சி அருணாசலம்டா!" என்றான், சொந்த ஊர்க்காரனை வெளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டவன் குரலில். கடைக்கார அண்ணனிடம் கேட்டோம். "டேப்பு மிச்சமிருந்துச்சு. சும்மா எதுக்கு விடணும்னு எனக்குப் பிடிச்சதைப் போட்டுவிட்டேன்" என்றார். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய 90 நிமிஷத்தில் ஐந்தாவது ஆள் ஒருவர் பங்குக்கு வந்துவிட்டார். பங்கைத் திருப்பிக் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

கேசட்டைக் கேட்ட இடம் எங்கள் வீட்டு மொட்டைமாடி. ஆசைப்பட்டு ஏறியதல்ல. சித்திரை, வைகாசியில் மதுரையில் வடகம் போடாத வீடு கிடையாது. எங்கள் அம்மா விடியற்காலையிலேயே அரிசி மாவும் ஜவ்வரிசியும் கிண்டி, பச்சைமிளகாயும் சீரகமும் அரைத்துப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, அப்பாவின் பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டுக் கீழே இறங்குவார். காக்காய் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வடகத்தைக் காக்க நான், எனக்குத் துணைக்கு அவர்கள் மூன்று பேர், எங்களுக்குத் துணைக்கு டேப் ரிக்கார்டர். டி.எம்.எஸ். உச்சஸ்தாயிக்குப் போகும்போது மட்டும் காக்கைகள் எதிர்வீட்டுக்குப் போய்விட்டன என்பது உண்மை. அதைச் சொன்னதற்காக டி.எம்.எஸ். என்னிடம் ஒரு நாள் பேசவில்லை.

காக்காயிடமிருந்து காப்பாற்றிய வடகத்தை எங்களிடமிருந்து யார் காப்பாற்றுவது? வடகத்தை முழுசாகக் காயவைத்து, பொரித்துத் தின்கிறவர்கள் அதன் பாதி ருசியைத்தான் அறிந்தவர்கள். பத்து மணி வெயிலில் மேலே ஒரு தோல் கட்டியிருக்கும். அடியில் இன்னும் கூழ். விரலால் ஓரத்தை நெம்பினால் வேட்டியைவிட்டு மனசில்லாமல் பிரிந்து வரும். வாயில் போட்டால் முதலில் உப்பு, அப்புறம் புளிப்பு, விழுங்கிய பிறகு பச்சைமிளகாய். நாங்கள் வரிசை முழுக்கக் காலி செய்யாமல், வரிசைக்கு ஒன்று என்று எடுத்துவிட்டு மற்றவற்றைத் தள்ளி வைத்து இடைவெளியை மறைப்போம். அம்மா சாயங்காலம் வந்து வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கும்போது, "ஊத்தும்போது நிறைய இருந்த மாதிரி இருந்துச்சே" என்பார். "காய்ஞ்சா சுருங்கும்மா" என்று சித்தப்பா சொல்வான். அந்த முகத்தோடு சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள்.

வடகத்துக்குப் பக்கத்திலேயே பேட்டரிகளும் காயும். தீர்ந்துபோன பேட்டரியை வெயிலில் வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். எந்த விஞ்ஞானி சொன்னார் என்று தெரியாது, தமிழ்நாடு முழுக்க எல்லா வீட்டிலும் செய்தோம். ஓடவும் ஓடியது. பேட்டரி இறங்கும்போதுதான் வேடிக்கை. பாட்டு மெல்ல மெல்ல இழுக்க ஆரம்பிக்கும். டி.எம்.எஸ். அரக்கன் வேஷம் கட்டிக்கொண்டு வருவார். ஜானகி குரல் யேசுதாஸ் குரலாகும். பி.பி. ஸ்ரீனிவாஸ் மட்டும் மோசமாக மாட்டார், இன்னும் கொஞ்சம் சோகமாவார். சித்தப்பாவுக்கு அது ஒரிஜினலைவிடப் பிடித்திருந்தது. புதுப் பேட்டரி வாங்கக் காசு கேட்டால் தர மறுப்பான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் டி.எம்.எஸ். வீட்டுக்குப் போவோம். அவன் அம்மா முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்து, தட்டி, எண்ணெயில் போட்டு எடுப்பார். முள்ளுமுருங்கை வடை என்று பெயர், ஆனால் பூரி மாதிரி தட்டையாக இருக்கும். அந்தப் பச்சை வேறெந்தப் பலகாரத்துக்கும் வராது. மேலே ஒரு காரப்பொடி தூவுவார். சளிக்கு நல்லது என்பார். மே மாத மதுரையில் யாருக்கு சளி பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் அடுத்த வடை வராதே. எங்களிடம் தமிழில், "சாப்பிடுங்க தம்பி, கூச்சப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே, மகனைப் பார்த்து சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்வார். ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனால் தாய்மார்கள் மகன்களைத் திட்டும் ராகம் எந்த மொழியிலும் ஒன்றுதான் என்று மிருதங்கம் சொல்வான். என்ன ராகம் என்றும் சொன்னான். இங்கே எழுதினால் சங்கீத ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

காசு சேர்ந்த அன்றைக்கு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். நாலு பேருக்கு இரண்டு டம்ளர். இதிலும் பங்குப் பிரச்சினைதான். பாதி குடித்துவிட்டுக் கொடு என்றால் எது பாதி? மேலே இருப்பது ஐஸ்கிரீம், கீழே இருப்பது கடல்பாசி. முதலில் குடிப்பவனுக்கு ஒரு உலகம், இரண்டாவது குடிப்பவனுக்கு வேறு உலகம். மிருதங்கம் இதற்கு எட்டு அட்சர ஆதி தாளத்தில் ஒரு ஏற்பாடு செய்தான்: கையால் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான், ஒரு ஆவர்த்தனம் ஒருவன், அடுத்த ஆவர்த்தனம் இன்னொருவன். அவன் முறை வரும்போது மட்டும் தாளம் விளம்ப காலத்துக்குப் போய்விடும்.

ராத்திரி பரோட்டாக் கடையில் கதை வேறு. மிருதங்கம் வீட்டில் முட்டைகூட வாசல் தாண்டாது. கல்லில் கொத்துப் பரோட்டா போடும் மாஸ்டரின் இரண்டு தகடுகளும் அடிக்கிற அடியில் அவன் கை தானாக மேசையில் ஆரம்பித்துவிடும். "மாஸ்டர் திஸ்ர நடையில போறாருடா" என்பான். நாங்கள் சால்னாவில் பரோட்டாவை ஊறவைத்துக்கொண்டிருக்க, அவனுக்கு வெறும் பரோட்டாவும் தொட்டுக்கொள்ளச் சர்க்கரையும். அவன் சால்னாவைப் பார்ப்பான். சால்னாவும் அவனைப் பார்க்கும். இந்த விவகாரம் அந்தக் கோடையில் எப்படி முடிந்தது என்பதை அவன் வீட்டில் இன்னும் பெரியவர்கள் இருப்பதால் எழுதுவதற்கில்லை.

சித்திரைத் திருவிழாவைச் சொல்லாமல் மதுரைக் கோடையைப் பேச முடியாது. மீனாட்சிக்குக் கல்யாணம், தேர். அதற்குள் தங்கையின் கல்யாணத்துக்கு அழகர்மலையிலிருந்து அண்ணன் கள்ளழகர் கிளம்பி வருகிறார். வழியெல்லாம் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வந்ததில், வைகையில் இறங்கும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிகிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலேயே வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். இரண்டு தனித்தனித் திருவிழாக்களைச் சேர்த்து வைத்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். அது அரச தந்திரம். எங்களுக்குப் பிடித்தது வேறு: தாமதமாக வருகிறவரைத்தான் லட்சக்கணக்கான பேர் ராத்திரியெல்லாம் கண்விழித்து வரவேற்கிறார்கள். நேரத்துக்கு வருவதைப் பற்றி எங்களுக்கு வீட்டில் செய்த போதனைகள் எதுவும் ஏறாமல் போனதற்கு இந்த ஊரில் பிறந்ததே காரணம்.

அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை ராத்திரி தல்லாகுளத்தில் நின்றோம். பந்தலுக்குப் பந்தல் நீர்மோர், பானகம், புளியோதரை, தக்காளிசாதம், ஓலை விசிறி. ஒரு பந்தலில் வாங்கியதை முடிப்பதற்குள் அடுத்த பந்தலில் கையைப் பிடித்து இழுத்து இலையைத் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்குத்தான் அவமானம், ஆகவே யாரையும் நாங்கள் அவமானப்படுத்தவில்லை. பந்தலுக்கு ஒரு மைக் செட். ஒன்றில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, பத்தடி தள்ளி எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு, எதிர்ப்புறம் டி.எம்.எஸ். முருகன். நடுவில் நின்றால் மூன்று தெய்வங்களும் ஒரே நேரத்தில் கூப்பிடுவது கேட்கும். அதற்குள் எங்கேயோ தங்கக் குதிரை தெரிந்துவிட்டது என்று கூட்டம் ஒரு அலை அடித்தது. சர்க்கரைக் கிண்ணத்தில் சூடம் ஏற்றி வைத்திருந்தவர்கள் கைகளை உயர்த்தினார்கள். தோல்பையில் தண்ணீர் சுமந்து வந்த வேண்டுதல்காரர்கள் பீய்ச்சியடித்ததில் எங்கள் சட்டை நனைந்து, நனைந்த இடத்தில் புழுதி ஒட்டியது. அந்த அலை இறங்கியபோது சித்தப்பாவைக் காணவில்லை.

தேடினோம். பெருமூச்சுச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அந்தக் கூட்டத்தில் எல்லாருமே பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் காணாமல்போனவர்களுக்காக மைக்கில் அறிவிக்கும் போலீஸ் பந்தலுக்குப் போனோம். அங்கிருந்த ஏட்டய்யா பேனாவை எடுத்தார்.

"யாரைக் காணோம்?"

"சித்தப்பாவைக் காணோம் சார்" என்றான் டி.எம்.எஸ். அவசரத்தில்.

"எந்த ஊரு? தனியா வீட்டுக்குப் போகத் தெரியுமா?"

"மதுரைதான் சார். தெரியும்."

"வயசானவரா? என்ன வயசு?"

"பத்தொன்பது சார்."

ஏட்டய்யா பேனாவை மூடினார். எங்கள் மூன்று பேரையும் வரிசையாக முகர்ந்து பார்த்தார். பானக வாசனைதான் வந்திருக்கும், ஏலக்காய் தூக்கலாக. அதற்குள் ஒலிபெருக்கியில், "இந்த மூன்று பேர் எங்கிருந்தாலும் உடனே பாலத்துக்கடியில் வரவும், உங்கள் பெரியவர் காத்திருக்கிறார்" என்று எங்கள் பெயர்களையே படிக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு பந்தலில் போய் அவன் எங்களைக் காணவில்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, பையன்களைத் தொலைத்த பெரியவர் என்று அவர்களே முடிவு செய்துகொண்டு நாற்காலி போட்டு மோர் கொடுத்திருக்கிறார்கள்.

கத்திரி வெயில் நடுவில் ஒரு ராத்திரி மேலூர்ப் பக்கம் கோயில் கொடையில் வள்ளி திருமணம் நாடகம் பார்க்கப் போனோம். பபூன், டான்ஸ் முடியவே நள்ளிரவு. சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக்கொடுத்த கதைதான், ஆனால் வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால் எழுதிவைத்த எல்லையெல்லாம் தாண்டிப் போகும். மிருதங்கம் வேண்டாவெறுப்பாக வந்தவன், ஆர்மோனியக்காரரின் பக்கத்தில் மிருதங்கம் வாசித்தவரின் விரலைப் பார்த்தபடி விடியும்வரை எழவில்லை. வேலவன் வேடனாக வந்தாரா, விருத்தனாக வந்தாரா என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவர் சீட்டின் பின்பக்கம் முழுவதும் அன்றைக்கு வள்ளி திருமணம்.

ஒரு மத்தியானம் கேசட்டை டேப் ரிக்கார்டர் விழுங்கிவிட்டது. அழுத்தமான ஒரு முனகலுக்குப் பிறகு மூடியைத் திறந்தால், பழுப்பு நாடா உருளையில் சுற்றிச் சுற்றிச் சிக்கிக் கிடக்கிறது. டி.எம்.எஸ். பாட்டுப் போய்க்கொண்டிருந்த இடம். அவன் முகம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் உறவினர் முகமாகிவிட்டது. மிருதங்கம் கசங்கிய பகுதியை பிளேடால் வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்து, தன் அக்காவின் க்யூட்டெக்ஸ் ஒரு சொட்டு வைத்து ஒட்டினான். பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்து போட்டோம். ஓடியது. டி.எம்.எஸ். சரணத்தில் ஏறிக்கொண்டே போகிறார், உச்சியைத் தொடப்போகிற நொடியில் ஒரு சின்ன டொக், உடனே இளையராஜாவின் வயலின்கள் இருபது முப்பது சேர்ந்து பாய்கின்றன. சுற்று வரிசையில் மிருதங்கத்தின் பாட்டு அங்கே வர வேண்டுமே என்று பார்த்தால், வெட்டிப்போட்ட குப்பையில் அதுதான் முழுசாகக் கிடந்தது. மதுரை சோமு இல்லை, நல்லவேளை, இன்னொன்று. தன் பாட்டைத் தானே வெட்டியவன் என்று அவனை ரொம்ப நாள் சொல்லிக்காட்டினோம்.

அந்த ஒட்டு எங்களுக்குப் பிடித்துப்போனது என்று சொன்னால் சரியாக இருக்காது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு அப்படித்தான் என்று ஆகிவிட்டது. இன்றைக்கும் ரேடியோவில் டி.எம்.எஸ். அந்தச் சரணத்தைத் தடையில்லாமல் பாடி முடிக்கும்போது எனக்கு எதையோ விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. பி.பி. ஸ்ரீனிவாஸைக் காசு கொடுத்துக் கேட்க மாட்டேன் என்றிருந்த நான் இப்போது அவர் பாட்டுக்கெல்லாம் பல்லவி, சரணம், நடுவில் வரும் புல்லாங்குழல்வரை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ரசித்துச் சேர்த்ததல்ல, பேட்டரியை மிச்சப்படுத்தியதில் சேர்ந்தது.

ஜூனில் 'கரகாட்டக்காரன்' வந்தது. கங்கை அமரன் படம், அவர் அண்ணன் இளையராஜா இசை. படத்தில் வரும் வாழைப்பழக் கணக்கைச் சொல்லி டீக்கடைகளில் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஊரில் அந்தப் படத்துப் பாட்டைப் போடாத மைக் செட் இல்லை. விசேஷம் என்னவென்றால் எங்கள் நாலு பேருக்கும் பிடித்துவிட்டது. மிருதங்கத்துக்குத் தவில் பிடித்தது. சித்தப்பாவுக்குச் சோகத்துக்கு இடமிருந்தது. டி.எம்.எஸ்.கூட, பெரியப்பா இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றான். கேசட்டின் மேல் அதை அப்படியே ஏற்றிவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். நாலு பேருக்கும் பிடித்ததை மொட்டைமாடியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம் என்ன பேசுவது? வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கல்லூரியும் திறந்துவிட்டது.

போன தையில் மிருதங்கத்தின் மகள் கல்யாணம். சித்தப்பாவுக்கு இப்போது வயது முகத்தை எட்டிப் பிடித்துவிட்டது, எங்களில் இளமையாகத் தெரிகிறவன் அவன்தான். வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி. வேண்டிய பாட்டை எழுதிக்கொடுத்தால் பாடுவோம் என்று அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாடகர் கையில் சீட்டுகளோடு மைக்குக்கு வந்தார்.

"ஒரே மேசையிலிருந்து நாலு சீட்டு வந்திருக்குங்க. ஒண்ணு டி.எம்.எஸ்., ஒண்ணு பி.பி.எஸ்., ஒண்ணு ராஜா சார், ஒண்ணுல மதுரை சோமுன்னு போட்டிருக்கு. நேரமில்லைங்க, ஒண்ணுதான் பாட முடியும். பெரியவங்க நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லிடுங்க."

நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பாடகர் பத்து நிமிஷம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஏதோ புதுப் படப் பாட்டைப் பாட ஆரம்பித்தார். பந்திக்குக் கூப்பிட ஆள் வந்தது. "அவங்க இப்ப வரமாட்டாங்க, அடுத்த பந்திக்கு இலை போடுங்க" என்று மிருதங்கத்தின் மனைவி சொல்லியனுப்பிவிட்டார்.